குரங்கு அம்மையில் குரங்குக்கு என்ன வேலை?

கேள்வி இதுதான்: “குரங்கு அம்மையை எம்பாக்ஸ் என்று மாற்றிவிட்டார்கள். பன்றிக் காய்ச்சல் என்று சொல்லக் கூடாதாம். இந்திய வகை கொரோனா என்றும் சொல்லக் கூடாதாம். பெயரை மாற்றினால் கிருமி ஓடிப்போய்விடுமா? இது யார் மனமும் புண்படக் கூடாது என்கிற வெற்று உபசாரம்தானே?”

பெயரை மாற்றினால் கிருமி போகாது என்பது சரி. ஆனால் இதை மனம் புண்படுகிற விஷயமாக மட்டும் பார்ப்பதில்தான் கோளாறு. நோயின் பெயர் ஒரு முகவரி மாதிரி. அதைப் படித்துவிட்டுத்தான் அரசாங்கமும் அண்டை வீட்டுக்காரரும் எந்தக் கதவைத் தட்டுவது என்று முடிவு செய்கிறார்கள். முகவரி தப்பாக இருந்தால் தடி வேறு வீட்டுக்குப் போகும், நோய் தன் வழியில் போய்க்கொண்டிருக்கும். நான் கால்நடை மருத்துவத் துறையில் இருந்தவன். அதனால் விலங்குகளிடமிருந்தே தொடங்குகிறேன்.

1958-இல் டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில், ஆய்வுக்காக வெளிநாட்டிலிருந்து தருவித்த குரங்குகளின் உடலில் கொப்புளங்கள் எழும்பின. அவற்றிலிருந்து பிரித்தெடுத்த வைரஸுக்குக் குரங்கின் பெயரையே வைத்துவிட்டார்கள். எந்த உடலில் முதலில் கண்ணில் பட்டதோ அதன் பெயர், வேறு காரணம் இல்லை. காட்டில் இந்த வைரஸ் நிரந்தரமாகத் தங்கியிருப்பது அணில், எலி வகையைச் சேர்ந்த கொறி விலங்குகளில் என்றே ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். குரங்கும் நம்மைப் போல இடையில் மாட்டிக்கொள்கிற பிராணிதான். மனிதரில் முதலில் அறியப்பட்ட நோயாளி, 1970-இல் காங்கோவில் ஒன்பது மாதக் குழந்தை. 2003-இல் அமெரிக்காவில் இந்நோய் தலைகாட்டியபோதும் குரங்குக்கு அதில் பங்கில்லை. கானாவிலிருந்து இறக்குமதியான எலி வகைகளையும், அமெரிக்கர்கள் செல்லமாக வளர்க்கும் ஒருவகைக் கொறி விலங்குகளையும் ஒரே இடத்தில் அடைத்து விற்றதால் வந்த வினை அது.

2022-இல் இந்த நோய் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் பரவியது. பரவல் முழுக்க மனிதரிடமிருந்து மனிதருக்கு, நெருக்கமான உடல் தொடர்பின் வழியாக. அந்த ஆகஸ்டில் பிரேசிலின் சாவோ பாவ்லோ மாநிலத்தில் ஒரு நகரில் சில நாட்களுக்குள் பத்துக் குரங்குகள் விஷம் வைக்கப்பட்டும் தாக்கப்பட்டும் கிடந்தன. “இப்போது நடப்பது மனிதர்களுக்கிடையிலான பரவல், குரங்குகளை விட்டுவிடுங்கள்” என்ற பொருளில் உலக சுகாதார நிறுவனம் சொல்ல வேண்டியதாயிற்று. அதே சமயத்தில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பரவிக்கொண்டிருந்த நோய்க்கு ஆப்பிரிக்க நோயாளிகளின் பழைய படங்களைப் போட்டுக்கொண்டிருந்தன மேற்கத்திய ஊடகங்கள். ஆப்பிரிக்காவில் பணியாற்றும் செய்தியாளர்கள் அதைக் கண்டித்தார்கள். குரங்கு என்ற சொல்லும் கறுப்புத் தோலும் அருகருகே வந்தால் அங்கே எந்த வரலாறு கிளம்பும் என்பதை விளக்க வேண்டியதில்லை. வைரஸின் இரண்டு கிளைகளுக்கு இருந்த ‘காங்கோ படுகை’, ‘மேற்கு ஆப்பிரிக்கா’ என்ற பெயர்கள் ஆகஸ்டிலும், நோயின் பெயர் நவம்பர் 28 அன்றும் மாற்றப்பட்டன.

ஒரு நியாயமான மறுப்பு இங்கே உண்டு. இதற்குச் சில ஆண்டுகள் முன்பு அதே பிரேசிலில் மஞ்சள் காய்ச்சல் பரவியபோதும் குரங்குகளைக் கொன்றார்கள். அந்த நோயின் பெயரில் குரங்கே இல்லை. ஆகப் பழி எல்லாம் பெயருக்குத்தான் என்று சொல்ல முடியாது. பயந்த மனிதன் கையில் அகப்பட்டதை அடிப்பான். பெயர் செய்வது, யாரை அடிக்கலாம் என்று அவனுக்குச் சுட்டிக்காட்டுவது.

அங்கே நடந்ததில் இன்னொரு முட்டாள்தனமும் சேர்ந்துகொண்டது. மஞ்சள் காய்ச்சலை மனிதருக்குக் கொண்டுவருவது கொசு. காட்டில் ஊளைக் குரங்குகள் அந்த நோய்க்கு மனிதருக்கு முன்பே பலியாகும். குரங்கு செத்து விழுந்தால், வைரஸ் அந்தப் பக்கம் வந்துவிட்டது, ஊருக்குத் தடுப்பூசி போடு என்று பொருள். எச்சரிக்கை மணியை உடைத்துப் போட்டவர்கள், மணி அடித்ததால்தான் நோய் வந்தது என்று நம்பினார்கள்.

நமக்குப் பக்கத்திலேயே இதன் மறுபக்கம் இருக்கிறது. கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்தில் 1957-இல் கண்டறியப்பட்ட க்யாசனூர் காட்டு நோயைச் சுற்றுவட்டார மக்கள் கன்னடத்தில் ‘மங்கன காயிலே’ என்பார்கள். குரங்கு நோய் என்று பொருள். உண்ணி கடித்துப் பரவுவது அது. காட்டில் குரங்குகள் சாகத் தொடங்கினால், அந்த உடல்களிலிருந்து உதிரும் உண்ணிகள் தரையில் காத்திருக்கும். விறகுக்கும் மேய்ச்சலுக்கும் போகிறவர்கள் அவற்றின் மேல் நடப்பார்கள். குரங்கு செத்துக் கிடக்கிற பக்கம் போகாதே என்ற அனுபவ அறிவு அந்த நாட்டுப்புறப் பெயருக்குள் இருக்கிறது. ஆகவே விலங்கின் பெயர் வந்தாலே தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. சரியான இடத்தைக் காட்டுகிறதா என்பதே கேள்வி.

தப்பான இடத்தைக் காட்டிய பெயருக்கு 2009-ஐவிடப் பெரிய உதாரணம் எனக்குத் தெரியாது. அந்த ஏப்ரலில் மெக்சிகோவிலும் அமெரிக்காவிலும் புதிய இன்ஃபுளுவென்சா தலைதூக்கியது. அதன் மரபணுக்களில் பன்றிகளிடம் உலவும் ஃபுளூ வைரஸ்களின் துண்டுகள் இருந்தன. எனவே ‘பன்றிக் காய்ச்சல்’. வம்சாவளிப்படி பார்த்தால் அந்தப் பெயரில் பொய் இல்லை. ஆனால் பரவியது இருமுகிற மனிதரிடமிருந்து பக்கத்தில் நிற்கிற மனிதருக்கு. பன்றி இறைச்சியால் பரவவில்லை. ஒரு வாரத்துக்குள் பல நாடுகள் பன்றி இறைச்சி இறக்குமதியைத் தடுத்தன. இஸ்ரேலில் ஒரு துணை அமைச்சர், பன்றி தங்களுக்கு விலக்கப்பட்டது என்பதால் ‘மெக்சிகோ காய்ச்சல்’ என்று அழைக்கலாம் என்றார். மெக்சிகோ அதை ரசிக்கவில்லை. காபூல் விலங்குக் காட்சிசாலையில், ஆப்கானிஸ்தானிலேயே ஒரே பன்றி என்று அறியப்பட்ட ஒன்று இருந்தது. சீனா அன்பளிப்பாகக் கொடுத்தது. அதைத் தூக்கித் தனியறையில் அடைத்தார்கள். யாரிடமிருந்து அதற்குத் தொற்றும், அது யாருக்குத் தொற்றவைக்கும் என்று ஒருவரும் கேட்கவில்லை போலிருக்கிறது.

இதுவரை சிரிப்பு. எகிப்தில் நடந்தது சிரிப்பில்லை. நாட்டில் ஒரு நோயாளிகூட இல்லாத நிலையில், ஏப்ரல் கடைசியில், சுமார் 3 லட்சம் பன்றிகளையும் கொல்ல அரசு உத்தரவிட்டது. உலக சுகாதார நிறுவனமும் கால்நடை நலத்துக்கான சர்வதேச அமைப்பும் இது தேவையற்றது என்று சொல்லியும் கேட்கவில்லை. அந்தப் பன்றிகள் யாருடையவை? கெய்ரோவின் முகட்டம் குன்றடியில் வாழும் ஸபாலீன் என்ற குப்பை சேகரிப்போருடையவை. அவர்களில் பெரும்பாலோர் காப்டிக் கிறிஸ்தவர்கள். வீடு வீடாகப் படியேறிக் குப்பையை வாங்கி, கழுதை வண்டியிலும் சிறு லாரியிலும் தங்கள் குடியிருப்புக்குக் கொண்டுபோய்க் கையால் பிரிப்பார்கள். பிளாஸ்டிக், காகிதம், தகரம் விற்பனைக்கு. மிச்சச் சோறு, காய்கறித் தோல் பன்றிகளுக்கு. கொழுத்த பன்றி கசாப்புக்கு. ஒரு பெருநகரத்தின் ஈரக்குப்பையை அரசுக்குச் செலவில்லாமல் தின்று தீர்த்தவை அந்தப் பன்றிகள்.

அவற்றைக் கொன்ற பிறகு ஈரக்குப்பையை எடுத்துப் போவதில் அவர்களுக்கு லாபமில்லை, வைக்க இடமும் இல்லை. சில மாதங்களில் கெய்ரோ தெருக்களில் அழுகிய குப்பை மலைமலையாகக் குவிந்தது. இது ஃபுளூவைத் தடுக்க அல்ல, பொதுச் சுகாதார நடவடிக்கை என்று அரசு தரப்பு பின்னால் சுருதியை மாற்றிக்கொண்டது. எச்1என்1 என்ற அந்தப் புதிய ஃபுளூ வைரஸ் ஜூன் தொடக்கத்தில் எகிப்துக்கு வந்தது, பயணிகள் வழியாக. சிறுபான்மை மதம், இழிவாகப் பார்க்கப்படும் தொழில், விலக்கப்பட்ட விலங்கு என மூன்றும் ஏற்கெனவே ஓரிடத்தில் சேர்ந்திருந்தன. பெயர் அந்த இடத்தில் போய் விழுந்தது. உலக சுகாதார நிறுவனம் ‘இன்ஃபுளுவென்சா ஏ (எச்1என்1)’ என்று அழைக்கத் தொடங்கியது ஏப்ரல் 30 அன்று. எகிப்தின் உத்தரவு அதற்கு முந்தைய நாளே வந்துவிட்டது.

ஊரின் பெயரும் நாட்டின் பெயரும் ஒட்டிக்கொள்வது பழைய கதை, வேகமாகச் சொல்லிவிடலாம். 1490-களில் நேப்பிள்ஸை முற்றுகையிட்ட பிரெஞ்சுப் படையோடு பரவிய சிஃபிலிஸ் என்ற பால்வினை நோயை இத்தாலியர் ‘பிரெஞ்சு நோய்’ என்றார்கள், பிரெஞ்சுக்காரர் ‘நேப்பிள்ஸ் நோய்’ என்றார்கள், ரஷ்யர் போலந்தைக் காட்டினார்கள், துருக்கியர் கிறிஸ்தவர்களைக் காட்டினார்கள். நாமும் சளைக்கவில்லை: ‘பறங்கிப்புண்’ என்று பெயரிட்டுக் கப்பலில் வந்தவன் கணக்கில் எழுதினோம். 1918-இன் ‘ஸ்பானிஷ் ஃபுளூ’ ஸ்பெயினில் தோன்றியது என்பதற்கு ஆதாரம் இல்லை. போரிட்ட நாடுகள் பத்திரிகைகளைத் தணிக்கை செய்தன. நடுநிலை வகித்த ஸ்பெயினில், மன்னர் நோயில் படுத்தது உட்பட எல்லாம் அச்சில் வந்தது. மறைக்காமல் சொன்னவனுக்குக் கிடைத்த பரிசு அந்தப் பெயர். இன்றைக்கும் ஒரு நாடு புதிய தொற்றை அறிவிக்கத் தயங்குவதற்குப் பின்னால் இந்தப் பயம் இருக்கிறது.

நம் சொந்தக் கதைக்கு வருகிறேன். இதில் சென்னைக்கும் பங்குண்டு.

2008-இல் ஸ்வீடனில் சிகிச்சை பெற்ற ஒரு நோயாளியிடம், ஏறக்குறைய எந்த ஆன்டிபயாட்டிக்குக்கும் அடங்காத பாக்டீரியா இருந்தது. அவர் அதற்கு முன் டெல்லியில் மருத்துவமனையில் இருந்தவர். அந்த பாக்டீரியாவிடம் கடைசி வரிசை மருந்துகளையே சிதைக்கும் ஒரு நொதி இருந்தது. அதற்கு ‘நியூ டெல்லி மெட்டலோ பீட்டா லாக்டமேஸ்’ என்று பெயர் சூட்டினார்கள், சுருக்கமாக என்டிஎம்-1. இந்தியாவை இழிவுபடுத்த என்றே தேடிப்பிடித்த பெயர் என்று இங்கே பலர் இன்றும் நம்புகிறார்கள். அது அப்படியல்ல. இந்த வகை நொதிகளுக்கு ஊர்ப்பெயர் வைப்பது அந்தத் துறையின் வழக்கம். வெரோனா, சாவோ பாவ்லோ, சியோல் பெயர்களிலும் உண்டு. வெரோனாக்காரர்கள் கோபப்பட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. வெரோனாவுக்கு யாரும் குறைந்த செலவில் இதய அறுவைக்காக விமானம் ஏறுவதில்லை என்பதும், இத்தாலி என்றால் அழுக்கு என்ற முன்முடிவு யார் மனதிலும் இல்லை என்பதும் காரணமாக இருக்கலாம். ஒரே வழக்கம், ஒரே மாதிரிப் பெயர். ஆனால் அது விழுகிற இடத்தில் ஏற்கெனவே என்ன கிடக்கிறது என்பதைப் பொறுத்துக் கறை பிடிக்கிறது அல்லது பிடிக்காமல் போகிறது.

2010 ஆகஸ்டில், பிரிட்டனின் லான்செட் மருத்துவ இதழ்க் குழுமத்தின் தொற்றுநோய் இதழில் பெரிய ஆய்வு வந்தது. சென்னையிலும் ஹரியானாவிலும் பிரிட்டனிலும் இந்தியத் துணைக்கண்டத்தின் பிற நகரங்களிலும் எடுத்த மாதிரிகளில் அந்த நொதியை உருவாக்கும் மரபணு இருந்தது. கட்டுரையின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர். சிகிச்சைக்காக இந்தியா வருவது பற்றிய எச்சரிக்கையும் அதில் இருந்தது. மருத்துவச் சுற்றுலாவின் தலைநகரம் என்று மார்தட்டிக்கொண்டிருந்த நேரம். டெல்லியில் கொந்தளிப்பு, மருந்துக் கம்பெனிகளின் சதி என்று நாடாளுமன்றத்தில் பேச்சு. 2011 ஜனவரியில் லான்செட் ஆசிரியர் ரிச்சர்ட் ஹார்ட்டன் டெல்லியிலேயே அந்தப் பெயருக்காக மன்னிப்புக் கேட்டார்.

மன்னிப்பு நியாயமானதுதான். ஆனால் அதற்குப் பிறகு என்ன? 2011 ஏப்ரலில் வெளியான இன்னொரு ஆய்வு, டெல்லியில் எடுத்த 50 குழாய் நீர் மாதிரிகளில் 2-இலும், தெருவில் தேங்கிக் கசிந்த 171 நீர் மாதிரிகளில் 51-இலும் அந்த மரபணுவைக் கண்டது. அதற்கும் முதல் எதிர்வினை மறுப்பாகவே இருந்தது. பெயரோடு சண்டை போட்டதில் செலவான ஆவேசத்தில் கால்பங்கையாவது, சீட்டில்லாமல் ஆன்டிபயாட்டிக் விற்கும் மருந்துக்கடைகள் மேல் காட்டியிருக்கலாம் என்பது என் கருத்து. கெட்ட பெயர் செய்யும் இரண்டாவது தீங்கு இது. பழிக்கப்பட்டவர்களைத் தற்காப்புக்குத் தள்ளிவிடுகிறது, அப்புறம் அவர்கள் உண்மையான பகுதியையும் சேர்த்து மறுக்கிறார்கள். நல்லவேளையாக 2012-இல் மருத்துவர்கள் சென்னையில் கூடி, ஆன்டிபயாட்டிக் பயன்பாட்டைக் கட்டுப்படுத்த ஒரு செயல்திட்டம் வகுத்தார்கள். ‘சென்னைப் பிரகடனம்’ என்றே அது மருத்துவ இதழ்களில் வழங்குகிறது.

எல்லா ஊர்ப்பெயரும் ஊரைச் சுடுவதில்லை என்பதற்கு மதுரையே சாட்சி. வெறுங்காலில் முள் குத்தி, மண்ணிலிருக்கும் பூஞ்சையோ பாக்டீரியாவோ உள்ளே புகுந்து, பாதம் வருடக்கணக்கில் வீங்கிப் புரையோடும் நோய் ஒன்று உண்டு. 1842-இல் மதுரையில் பணியாற்றிய ஜான் கில் என்ற ராணுவ மருத்துவர் அதைப் பதிவு செய்ததிலிருந்து உலகம் முழுக்க ‘மதுரைப் பாதம்’ என்று பெயர். காரணமான பூஞ்சையின் அறிவியல் பெயர்கூட மதுரெல்லா. இன்று அந்த நோயால் கடுமையாகப் பாதிக்கப்படும் நாடு சூடான். மதுரைக்காரர்களுக்குத் தங்கள் ஊர்ப்பெயரில் ஒரு நோய் இருப்பதே தெரியாது. தெரிந்தாலும் மீனாட்சிக்கும் மல்லிக்கும் முன்னால் அது எடுபடாது. இதை மாற்றச் சொல்லி நான் கொடி பிடிக்க மாட்டேன்.

பெயரை மாற்றினாலே களங்கம் போய்விடும் என்று நினைப்பவர்களுக்குத் தொழுநோயைக் காட்டுவேன். பெருவியாதி, குஷ்டம், தொழுநோய், ஹான்சன் நோய் என்று எத்தனை பெயர்கள். ஹான்சன் என்ற நார்வே மருத்துவர் கிருமியைக் கண்டது 1873-இல். கூட்டு மருந்து சிகிச்சை வந்தது 1980-களில். பிரேசில் 1995-இல் பழைய பெயரை அரசு ஆவணங்களிலிருந்து சட்டம் போட்டே நீக்கியது. இந்தியாவில் இந்த நோயை விவாகரத்துக்கான காரணமாக வைத்திருந்த சட்டப் பிரிவுகள் 2019 வரை இருந்தன. மாத்திரையால் குணமாகிற நோய்க்கு! இங்கே களங்கம் சட்டத்திலும் கல்யாணச் சந்தையிலும் இருந்தது, சொல்லில் அதன் நிழல்தான்.

இன்னொரு துருவமும் நம்மிடம் உண்டு. அம்மை கண்ட வீட்டில் நோய் என்றே சொல்ல மாட்டார்கள், அம்மா வந்திருக்கிறாள். வாசல் நிலையில் வேப்பிலைக் கொத்து தொங்கும், அடுப்பில் தாளிப்பு இருக்காது, வெளியாள் வாசலோடு திரும்பிவிடுவார். இளநீர், பானகம், வேப்பிலைப் படுக்கை; கொப்புளங்கள் முத்துகள். தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாள்வரை நோயாளிக்கு மரியாதை குறையாது. தனிமைப்படுத்தல் முழுமையாக நடக்கும், அவமானம் துளியும் இருக்காது. எந்த நிபுணர் குழுவும் இதைவிட நல்ல ஏற்பாட்டைச் செய்திருக்க முடியாது. ஆனால் இதே பக்தி, பெரியம்மைத் தடுப்பூசி போட வந்தவர்களைப் பல ஊர்களில் வாசலிலேயே திருப்பியனுப்பியது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மரியாதையான பெயரும் தப்பான முகவரி காட்டும்.

2015 மே மாதத்தில் உலக சுகாதார நிறுவனம் புதிய நோய்களுக்குப் பெயரிட வழிமுறை வகுத்தது. ஊர், ஆள், விலங்கு, உணவு, இனம், தொழில் எதுவும் பெயரில் வரக் கூடாது. ‘மர்ம’, ‘கொல்லும்’ போன்ற பயமூட்டும் சொற்களும் கூடாது. ‘உயிர்க்கொல்லி நோயான எய்ட்ஸ்’ என்று அடைமொழி இல்லாமல் எழுதவே தெரியாதிருந்த நம் நாளிதழ்களை நினைத்தால் கடைசி விதியின் அருமை புரியும். கோவிட்-19 இந்த விதிப்படி 2020 பிப்ரவரி 11 அன்று வைத்த பெயர். விதி எழுதிய பெயர் சுத்தம், ஆனால் வாய்வழிப் பெயரை விதி தடுக்காது. வடகிழக்கு மாநிலத்தவரைப் பார்த்து ‘கொரோனா’ என்று கத்தியவர்கள் இந்த நாட்டில்தான் இருந்தார்கள். 2020 மே மாதத்தில் கோயம்பேடு சந்தையிலிருந்து கடலூருக்கும் அரியலூருக்கும் திரும்பிய கூலித் தொழிலாளர்களைச் சொந்த ஊரே விலக்கிப் பார்த்தது. ‘கோயம்பேடு கொரோனா’ என்று ஒரு தனிச் சரக்கே உருவாயிற்று.

2021-இல் நம் ஊடகங்கள் ‘பிரிட்டன் வகை’, ‘தென்னாப்பிரிக்க வகை’ என்று கூசாமல் எழுதின. ‘இந்திய வகை’ என்று வெளிநாடுகள் எழுதத் தொடங்கியதும்தான் நமக்குச் சுருக்கென்றது. அந்தச் சொல்லுள்ள பதிவுகளை நீக்கச் சொல்லி மே 21 அன்று மத்திய அரசு சமூக ஊடக நிறுவனங்களுக்குக் கடிதம் எழுதியது. பத்து நாளில் உலக சுகாதார நிறுவனம் இந்த வகைகளுக்குக் கிரேக்க எழுத்துகளைப் பெயராக வைத்தது, நம்முடையது டெல்டா.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இதில் உடனே திருத்தக்கூடியவை சில உண்டு. எச்1என்1 ஃபுளூவையும், பன்றிகளை மட்டுமே தாக்கி மனிதருக்குத் தொற்றாத ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலையும் ‘பன்றிக் காய்ச்சல்’ என்ற ஒரே தலைப்பில் போடுகிறோம். 2023 தொடக்கத்தில் முதுமலையில் காட்டுப் பன்றிகள் இரண்டாவது நோயால் இறந்தன. அதைப் படித்துவிட்டு, தனக்கு வந்த ஃபுளூவும் அதுதானா என்று பயந்து கேட்டவர்களுக்கு நான் பதில் சொல்லியிருக்கிறேன். மனிதருக்கு வருவதை எச்1என்1 என்றே எழுதிவிட்டால் குழப்பம் தீர்ந்தது. குரங்கு அம்மைக்கு எம்பாக்ஸ் போதும். பறவைக் காய்ச்சலை மாற்ற வேண்டியதில்லை, அது உண்மையிலேயே பறவைகளின் நோய். ஆனால் ஆலப்புழையில் வாத்து செத்தால் நாமக்கல்லில் முட்டை விலை சரிகிறது. அதற்கு மருந்து, நன்றாக வேகவைத்த முட்டையில் வைரஸ் பிழைக்காது என்ற ஒரு வரியைச் செய்தியின் கடைசியில் ஒளிக்காமல் முதலிலேயே போடுவதுதான்.

நான் உண்மையில் மாற்றச் சொல்வது வேறொரு பெயரை. ‘வெறிநாய்க்கடி’ என்கிறோம். இந்தியாவில் ரேபிஸ் பெரும்பாலும் நாயால்தான் வருகிறது, அதனால் நாய் இருப்பது தப்பில்லை. ‘வெறி’தான் ஆளைக் கொல்கிறது. நாக்கைத் தொங்கவிட்டு எச்சில் ஒழுக ஓடுகிற நாயைத்தான் மக்கள் தேடுகிறார்கள். வீட்டுக்குட்டி லேசாகப் பல் பதித்தால், “இது வெறிநாய் இல்லையே” என்று மஞ்சள் தடவிவிட்டு இருந்துவிடுகிறார்கள். பூனைக் கடியையும் குரங்குக் கடியையும் கணக்கிலேயே எடுப்பதில்லை. நோய்க்குறி தெரிவதற்குச் சில நாள் முன்பே நாயின் எச்சிலில் வைரஸ் வந்துவிடும், அப்போது அது வாலாட்டிக்கொண்டுகூட இருக்கலாம். ரேபிஸ் என்றே எழுதுங்கள், சொல்லுங்கள். கடித்தது எந்த விலங்கானாலும் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய் முதல் ஊசியைப் போட்டுக்கொள்ளுங்கள்.